பஞ்சர் மாமாவும் ஒய்.பி. அம்மாவின் பத்து நிமிடமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வருடம் தயங்கினேன். படித்தவர்கள் எழுத வேண்டிய விஷயம். நான் படித்தது ஆறாம் வகுப்புவரைதான். முருகன்மேல் பாரத்தைப் போட்டுச் சொல்கிறேன்: மலாக்கா மாநிலத்திலேயே நாடாளுமன்றத்தை ஒரு நாள் விடாமல் கவனித்தவர் எங்கள் பஞ்சர் மாமா ஒருவர்தான். உறுப்பினர்கள்கூட நடுவில் தேநீர் குடிக்கப் போவார்கள். மாமா போகமாட்டார்.

தோட்டத்து முனையில் டயர் ஒட்டும் கடை அவருடையது. தமிழ்ப்பள்ளிக்குப் போகும் மரப்பாலத்தில் ஆணிகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். பாலத்தைத் தாண்டிய வண்டி நேரே மாமா கடைக்குத்தான் வரும். அப்படிப்பட்டவர், புதிதாக ஜெயித்திருந்த எங்கள் தொகுதி உறுப்பினர், ஒய்.பி. அம்மா, நாடாளுமன்றத்தில் புதுப் பாலம் கேட்க வேண்டும் என்று தவம் கிடந்தார்.

"பாலம் வந்துட்டா உங்க கடைக்கு யாரு மாமா வருவா?" என்றேன்.

"வரவேணாம்லா! வேன் நிறையப் புள்ளைங்க. ஒருநாள் ஆத்துல சாஞ்சிருச்சின்னா, அத எந்தப் பசையப் போட்டு ஒட்டுறது?"

அம்மா பேச எழுந்தால் மாமா காற்றடிப்பதை நிறுத்திவிடுவார். நேரலை ஓடும் கைப்பேசியை டயர் அடுக்கின்மேல் சாய்த்து வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பார். அம்மாவுக்குப் பத்து நிமிடம். சபாநாயகருக்கு வணக்கம், அமைச்சருக்கு நன்றி, விலைவாசி, நடுவில் இரண்டு மலாய்ப் பந்துன் பாட்டு. பாலம் வருவதற்குள் நேரம் முடிந்து ஒலிவாங்கி அணைந்துவிடும். மூன்று தடவை இப்படி.

மாமா கோயிலுக்குப் போனார்.

"குருக்களே, சபாநாயகர் பேருக்கு ஒரு அர்ச்சனை. அம்மாவுக்கு ரெண்டு நிமிஷம் கூடக் குடுக்கணும்."

"நட்சத்திரம்?"

"அத நாடாளுமன்றத்துல சொல்லலையே, சாமி!"

அதுவும் பலிக்காமல், கிரீஸ் சட்டையோடு அம்மாவின் சேவை மையத்துக்கே போய்விட்டார். நானும் துணைக்குப் போனேன்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஒய்.பி. ஆனா பாட்டுலேயே காத்து எறங்கிப்போவுது. பாலத்த மொதல்ல சொல்லிடுங்கம்மா."

அம்மாவின் முகம் சுருங்கியது. பிறகு அவர் பேனாவை எடுத்தார்.

அடுத்த கூட்டத்தில் அம்மா எழுந்ததும் முதல் வாக்கியமே எங்கள் பாலம்தான். கடையில் நான் மட்டும் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பள்ளி வேன் பாலத்திலேயே பஞ்சராகி, மாமா ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார். அம்மா பேசி முடித்ததும் நானும் ஓடினேன்.

"மாமா! சொல்லிட்டாங்க! மொத வார்த்தையே பாலம்!"

வேனுக்கு அடியிலிருந்து தலை மட்டும் வந்தது.

"பாட்டுக்கு நேரம் இருந்துச்சா?"

"ரெண்டும் பாடிட்டாங்க, மாமா."

"நல்லவேள. ஆசையா எழுதிட்டு வந்திருக்கும், பாவம்."

இதை யாருக்காவது சொல்வதென்றால் உள்ளபடியே சொல்லுங்கள். பாலம் கட்டியாகிவிட்டது என்று கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், இன்னும் கட்டவில்லை. தினமும் காலையில், வேன் வருவதற்கு முன்னால், மாமா சுத்தியலோடு போய் எழும்பிய ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்து இறக்கிவிட்டு வந்துதான் கடையைத் திறக்கிறார்.