அலுமாரிக்குக் கீழே பசை

மட்டக்களப்பு மேசன்மாரை எல்லாம் வரிசையாக நிறுத்தினாலும், ஒரு டைல்கூடப் பதிக்காமல் பன்னிரண்டு நாள் வேலை செய்யக்கூடியவர் ‘சுரண்டி’ அண்ணன் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவரின் ஊரான தேற்றாத்தீவில் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலில் டைல்ஸ் பதிக்க அவரைக் கூப்பிட்டேன். மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தரையில் பல வருடத்துக்கு முன் நானே ஒட்டிய பிளாஸ்டிக் விரிப்பு. அதை உரித்தால், கீழே சுவருக்குச் சுவர் மஞ்சள் பசை.

சுரண்டி அண்ணன் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கை தண்ணீர் தெளித்தார். துளிகள் உள்ளே இறங்காமல் உருண்டு நின்றன.

“இதை ஒட்டினது ஆரு?”

“நான்தான்.”

“நல்லா ஒட்டியிரிக்கீங்க, சேர்.”

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். இவ்வளவு கடுமையாக ஒரு பிள்ளையையும் ஏசியதில்லை.

அன்றிலிருந்து சுரண்டல். கொதிதண்ணீர் ஊற்றிச் சாக்கால் மூடுவார். பசை இளகியதும் தகட்டால் சுரண்டுவார். ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கும் அளவுதான் நகரும். கதிரைகள் முற்றத்தில், ஃபிரிஜ் படுக்கையறையில், நாங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில். அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. மனைவி பகலில் பேசுவதையே விட்டுவிட்டாள்.

நான் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு போனேன். “இத ஊத்தினாக் கெதியா முடியும்தானே, அண்ணன்?”

“இல்ல சேர். பசை கரைஞ்சி சீமெந்துக்குள்ள இறங்கிரும். பிறகு டைல்ஸ் பிடிக்காது. போத்தலக் கொண்டுபோய் வைங்க.”

கொண்டுபோய் வைத்தேன்.

எட்டாம் நாள் ஒரு கள்ளம் செய்தேன். அவர் சாப்பிடப் போன நேரம், ஹோலில் மிச்சமாய் நின்ற அலுமாரியைத் தள்ளிச் சுரண்டாத மூலையை மறைத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. வந்தவர் அலுமாரியைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார்.

“அலுமாரிக்குக் கீழ ஆரு பாக்கப்போறாங்க, அண்ணன்?” என்றேன்.

“ஒருத்தரும் பாக்கமாட்டாங்க. டைல்ஸ் கிளம்பினா அலுமாரி ஆடும். அப்ப என்னைத் தேடுவீங்க. நான் வரமாட்டன்.”

சொல்லிக்கொண்டே ஒற்றை ஆளாக அதை இழுத்து வெளியே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வானை நிறுத்தி இறங்கியபோதும் அவர் அந்த மூலையில்தான் குந்தியிருந்தார். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் உள்ளே காலை வைத்தார்.

“செருப்பக் கழட்டுங்க. மண் வரும்,” என்றார் சுரண்டி அண்ணன், நிமிராமலே.

கலியாணம் குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் குந்தினார்.

“பசையா, அண்ணன்?”

“ஓம். இன்னும் ஒரு சாண் கிடக்கு.”

“எங்கட வீட்ட செய்த மேசன் பசைக்கு மேலயே பதிச்சித்துப் போயித்தான். ஆறு மாசத்தில எல்லாம் கிளம்பித்து. நடந்தா டொக்கு டொக்கெண்டு கேக்கும்.”

சுரண்டி அண்ணன் நிமிர்ந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு மனிதரின் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான். அந்தக் கடைசிச் சாணையும் சுரண்டித் துடைத்து, தண்ணீர் தெளித்தார். சீமெந்து அதை உறிஞ்சிக் கறுத்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வெறுந்தரையில் பாய் விரித்து, தேத்தண்ணி குடித்து, கலியாணத்தைப் பேசி முடித்தோம். டைல்ஸ் பதிக்க நாலே நாள்தான் எடுத்தது.

கலியாணச் சாப்பாடு எங்கள் வீட்டில். எல்லோரும் சாப்பிட்டுப் போனபின், சுரண்டி அண்ணன் புதுச் சேட்டும் வேட்டியுமாக ஹோலின் நடுவில் படுத்துத் தூங்கிவிட்டார். மனைவி ஒரு தலையணை கொண்டுவந்து மெதுவாகத் தலைக்குக் கீழ் வைத்தாள். விருந்தாளிகள் இருந்த வாடகைக் கதிரைகளை ஏற்ற ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். கதிரையை இழுத்தால் சத்தம் கேட்கும்.

“அவர் எழும்பட்டும், தம்பி. பிறகு வாங்க,” என்று அனுப்பிவிட்டேன்.