பினாங்குக்கு ஒரு கிரைண்டர்

கடகடகடவென்று மேசையே அதிர்ந்தது. பினாங்கிலிருந்து வந்திருந்த குமாரசாமி காப்பி டம்ளரை அவசரமாகக் கையில் எடுத்துக்கொண்டார். எடுக்காவிட்டால் அதுவே இறங்கிப் போயிருக்கும்.

"நிறுத்துடா!"

தனபால் போட்ட கத்தலில் கிரைண்டரின் சத்தமே அமுங்கிப் போனது.

கோயமுத்தூர் கணபதியில் பத்துப் பேரை வைத்து கிரைண்டர் செய்யும் தனபாலைத் தேடி வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் முதல் ஆள் குமாரசாமி. 'வருகிறேன்' என்று அவருடைய ஃபேக்ஸ் வந்த அன்றே, வாசல் போர்டில் 'எக்ஸ்போர்ட்டர்ஸ்' என்று சேர்த்து எழுதியாகிவிட்டது. ஆர்டர் கிடைக்காவிட்டால் அதை அழிக்க வேண்டும். அழிப்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து பாலுசாமி பார்ப்பார். அவரும் கிரைண்டர் கம்பெனிதான். தனபாலின் மனைவி நாச்சியம்மாளின் அண்ணன். இருவரும் பேசிப் பல வருடம் ஆகிறது. குமாரசாமி நாளைக் காலை அங்கேதான் போகப் போகிறார்.

"எங்க ஊர்ல எல்லாம் அடுக்குமாடிங்க," என்றார் குமாரசாமி. "இந்தச் சத்தத்துக்கு மேல்வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிட்டுடுவான்."

தனபால் ஃபிட்டர் செங்கோடன் பக்கம் பாய்ந்தார். "என்னடா செஞ்சு வெச்சிருக்கறே?"

"பேரிங்கை மாத்தோணும்னு போன வருசமே சொன்னனுங்க மொதலாளி..."

"பேரிங்காம் பேரிங்கு! மொதல்ல செஞ்ச மிசின் என் ஊட்லதான்டா ஓடுது. ஒரு முனகல் உண்டா? நாச்சியா ஒரு நாளாவது குறை சொல்லியிருப்பாளா? கோளாறு மிசின்ல இல்லடா, உங்க கையில! ரப்பர் சீட்டைக் கொண்டா!"

அடியில் ரப்பர் சீட்டைப் போட்டு மறுபடி ஓட விட்டதும் கிரைண்டர் நடக்க ஆரம்பித்தது. அந்தியூர்ச் சந்தைக் குதிரை மாதிரி துள்ளித் துள்ளி மேசை விளிம்புக்கே வந்துவிட்டது.

"புடிடா!"

"ஷாக் அடிச்சாலும் அடிக்குமுங்க." செங்கோடன் பின்வாங்கினான்.

தனபாலே பாய்ந்து கட்டிப் பிடித்தார். இப்போது அவரும் சேர்ந்து அதிர்ந்தார்.

"த... த... தண்ணி பத்தலடா! ஊத்துடா!"

வாங்கிய திட்டையெல்லாம் மனதில் வைத்து செங்கோடன் ஒரு குடத்தையே கவிழ்த்தான். எழும்பிய மாவு நேராகக் குமாரசாமியின் வெள்ளைச் சட்டைக்குப் போனது.

"அறிவு கெட்டவனே!" என்று பல்லைக் கடித்த தனபால், விருந்தாளியிடம் குழைந்தார். "ஏனுங்க, ஊட்டுக்குப் போயிறலாம் வாங்க. சட்டையை அலசிப் போட்டு, நாலு இட்லி சாப்பிடலாம்."

ஆர்.எஸ்.புரம் வீட்டில், தனபாலின் தொளதொளச் சட்டையோடு குமாரசாமி சமையலறையை எட்டிப் பார்த்தார். நாச்சியம்மாள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். டிரம் சுற்றியது. பக்கத்து வீட்டு ரேடியோதான் கேட்டது.

"இது ஓடுதா?" குமாரசாமி மெல்லத் தொட்டுப் பார்த்தார். டிரம்மில் தனபால் கம்பெனி ஸ்டிக்கர் பளபளத்தது. "இதுதான்! இதே மாதிரி ஐந்நூறு வேணும். நாளைக்கு இன்னொரு கம்பெனி பார்க்கணும்னு இருந்தேன். இனி எதுக்கு?"

இட்லி தட்டுக்கு வந்தால் போதும் என்று சமையலறைப் பக்கமே வராத தனபால், போன் வயரை அங்கே வரை இழுத்து வந்தார். தொழிற்சாலையில் செங்கோடன் எடுத்தான்.

"காதைத் தொறந்து வெச்சுக் கேளுடா!" ரிசீவரை கிரைண்டரிடம் காட்டினார்.

"ஒண்ணுமே கேக்கலீங்களே மொதலாளி."

"அதான்டா! ஓடிட்டிருக்குது!"

குமாரசாமி சிரித்தார். "உள்ளே எப்படிச் செஞ்சிருக்கீங்கன்னு ஒருதடவை பார்த்துட்டா இப்பவே ஆர்டர் எழுதிடலாம்."

"செங்கோடா, ஸ்பேனரை எடுத்துட்டு ஓடி வா! இங்கயே பிரிச்சுக் காட்டு. உள்ள இருக்கற பேரிங்கைப் பாத்து நீயும் திருந்து!"

நாச்சியம்மாள் சட்டென்று சுவிட்சை அணைத்தாள். "ஏனுங்க, அதைப் பிரிக்க வேண்டாமுங்க."

"ஏன்?"

"சொன்னாக் கேளுங்க. கொஞ்சம் இப்படி வாங்க, சொல்றேன்."

"எதுக்கு ரகசியம்? எல்லாருக்கும் கேக்கட்டும், இங்கயே சொல்லு!" பாத்திரங்கள் அதிரக் கத்தினார் தனபால்.

நாச்சியம்மாளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"உங்க மிசினும் கத்துச்சு, அதைச் சொன்னா நீங்களும் கத்துவீங்க. அதனாலதானுங்க எங்கண்ணன் கம்பெனி மிசினை வாங்கி, உங்க ஸ்டிக்கரை ஒட்டிப்போட்டேன்!"