அழுத்திப் பார்த்த புராசசர்

அன்று கம்ப்யூட்டர் கடையில் இருந்தவர்கள்: நான். என் மகள் செல்வி. என் மச்சினன் குமார். கடைக்காரர்.

செல்வி அனிமேஷன் படித்தவள். கம்ப்யூட்டரில் மீனை நீந்த விடுவாள். (நான் பிடிக்கிறேன், அவள் விடுகிறாள்.) ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு படம் செய்து அனுப்பு, பிடித்தால் வேலை என்று சென்னையில் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டர் பாதிப் படத்தில் நின்றுவிடும். அன்று வெள்ளிக்கிழமை.

குமாரைக் கூட்டிப்போனது என் யோசனை. பழவேற்காட்டில் படகு இஞ்சின் பார்க்கிறவன். கம்ப்யூட்டருக்கு இஞ்சின் புராசசர்தான் என்று செல்வி சொல்லியிருந்தாள்.

கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்று ஆறு கோர். இன்னொன்று எட்டு.

"இது எத்தினி எச்.பி. சார்?" என்றான் குமார்.

"எட்டு கோர் சார்."

"எட்டுதானா? எங்க போட் இஞ்சினுக்கே பத்து."

"மாமா, நீ கம்முனு இரு. நைனா, எட்டு கோர்தான் வேணும். ஆறுன்னா படம் முடியாது" என்றாள் செல்வி.

எட்டு கோர் கடையில் ஒன்றுதான் இருந்தது. விலை கேட்டேன். காதில் சரியாக விழுந்ததா என்று இன்னொரு தரம் கேட்டேன். விழுந்திருந்தது. கடைக்காரர் பில் போடத் திரும்பினார்.

நான் ஏரியில் நண்டு பிடிக்கிறவன். எங்கள் பக்கம் நண்டைக் கண்ணால் பார்த்து யாரும் வாங்க மாட்டார்கள். திருப்பிப் போட்டு வயிற்றில் கட்டைவிரலால் அழுத்துவார்கள். கெட்டியாக இருந்தால் சதை. அமுங்கினால் தண்ணி நண்டு, உதவாது.

புராசசரை எடுத்தேன். திருப்பினேன். அடியில் பொடிப்பொடியாகத் தங்க நிறத்தில் கால்கள், நூற்றுக்கணக்கில். கால் நிறைய இருந்தது நல்லதாகப் பட்டது. அழுத்தினேன்.

அமுங்கியது.

"செல்வி, இது தண்ணி. வேற கேளு" என்றேன்.

செல்வி பார்த்தாள். தரையில் உட்கார்ந்தாள். கடைக்காரர் திரும்பினார். அவரும் உட்கார்ந்தார்.

"இன்னா மாமா பண்ண?" என்றான் குமார்.

"அழுத்துனேன்."

"எவனாச்சும் இஞ்சின அழுத்திப் பாப்பானா?"

கடைக்காரர் நல்ல மனுஷர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளேடு முனையால் ஒவ்வொரு காலாக எண்ணி எண்ணி நிமிர்த்தினார்.

"ஒண்ணு ஒடிஞ்சாலும் அவ்ளோதான் சார்" என்றார்.

செல்வி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். (பாசம் இல்லை. மறுபடி அழுத்திவிடுவேன் என்ற பயம்.)

ஒன்றும் ஒடியவில்லை. கம்ப்யூட்டர் ஓடியது. படம் நேரத்துக்குப் போனது. வேலை கிடைத்தது. படத்தில் ஒரு நண்டு வருகிறது. அதற்கு என் மீசை.

இப்போது நான் நண்டைக் கையில் எடுத்தால் என் மனைவி பிடுங்கிக்கொள்கிறாள். "நீ தொடாத. செல்விக்கு இன்னும் அந்தக் கடை கண்ணுலயே நிக்குது" என்கிறாள். நண்டு ஏலத்தில் தினமும் எவனாவது கேட்பான்.

"இன்னாண்ணா, எத்தினி கால வளச்ச?"

சொல்லிவிடுவேன்.

அறுபத்து மூன்று.