சோர்வு ஆய்வு மையம், திண்டிவனம்

களைத்துப்போன பைலட் விமானம் ஓட்டக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பைலட்டுகளும் சொல்கிறார்கள். வெண்முகில் ஏர்லைன்ஸ் நிர்வாகமும் தன் ஆண்டு மலரில், கைகூப்பி நிற்கும் பணிப்பெண் படத்துக்குக் கீழே, அதையே அச்சிட்டிருக்கிறது. தகராறு ஒரே ஒரு விஷயத்தில்தான். ஒருவர் களைத்திருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவரே சொன்னால் போதும் என்பது பைலட்டுகள் கட்சி. அப்படியானால் பசிக்கிறது என்று சொல்பவருக்கெல்லாம் சோறு போட வேண்டி வருமே என்பது நிர்வாகத்தின் கட்சி.

ஆகவே, போன் செய்து "அசதியா இருக்கு, இன்னைக்கு ஓட்ட முடியாது" என்று சொல்லும் வழக்கம் ரத்தானது. போனில் சோர்வு தெரியாது. நேரில் பார்த்தால்தான் தெரியும். பார்ப்பதற்கு ஒரு மையம் வேண்டும், அது சென்னை விமான நிலையத்திலிருந்து சௌகரியமான தூரத்தில் அமைய வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. யாருடைய சௌகரியம் என்று உத்தரவில் சொல்லப்படாததால், திண்டிவனத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் சோர்வு ஆய்வு மையம் திறக்கப்பட்டது.

சோர்ந்த பைலட் அங்கே தானாக வந்து சேர வேண்டும். கம்பெனி கார் தருவதற்கில்லை; காரில் சாய்ந்து தூங்கிவிட்டால் சோர்வின் அசல் அளவு கெட்டுவிடும். சொந்தக் காரை ஓட்டி வரத் தடையில்லை. ஆனால் அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு வந்தவரைச் சோர்ந்தவர் என்று எந்த மனச்சாட்சியோடு சொல்வது? வர முடியாதவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் ஆஜராகாததால் அவர்களுடைய சோர்வு மெய்ப்பிக்கப்படவில்லை.

மையத்துக்கு அதிகாரியாக விருத்தாசலம் நியமிக்கப்பட்டார். விழுப்புரத்துக்காரர். ஒரு பஸ் கம்பெனி டெப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போட்டே தலை நரைத்து ஓய்வுபெற்றவர். "அசதியா இருக்குதுண்ணே" என்று வந்து நின்ற எந்த டிரைவரையும் அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை. வண்டிச் சாவியைக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார். அவருடைய முறை எளிமையானது. முதலில் மூன்று கேள்விகள். பிறகு ஒரு டீ. பிறகு ஒரு கை வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. "மென்னுக்கினே ஓட்டு. வாய் ஆடினா கண்ணு மூடாது." கண்டக்டரிடம் "இவனுக்குப் பேச்சு குடுத்துக்கினே போ" என்று சொல்லிவிட்டால் வண்டி பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்துவிடும். சேராத நாட்களை விசாரிப்பது வேறு இலாகா.

இந்த முறையைக் கேள்விப்பட்ட பணியாளர் நலத் துணைத் தலைவி பானுப்ரியா மெய்சிலிர்த்தார். "இதுதான் மண்ணின் வெல்னெஸ்!" என்றார். ஒரே மாதத்தில் எல்லா விமானிகளின் அறைக்கும் 'மைண்ட்ஃபுல் மல்லாட்டை' என்ற பொட்டலம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பருப்பையும் வாயில் போடுமுன் ஆழ்ந்து மூச்சிழுத்து, தனக்கு வேலை இருப்பதற்காகப் பிரபஞ்சத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பொட்டலத்தின் மேல் எழுதியிருந்தது. விருத்தாசலத்தின் மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. திரையில் 'தகுதி' என்று ஒரு பச்சைப் பொத்தான். அதற்குப் பக்கத்தில் சிவப்புக்கான இடத்தில் 'தயாரிப்பில் உள்ளது' என்று போட்டிருந்தது.

மையம் திறந்த பிறகு சோர்வு மளமளவென்று குறைந்தது. அதாவது, சோர்வாக இருப்பதாகச் சொல்வது குறைந்தது. இரண்டும் ஒன்றுதான் என்பது நிர்வாகத்தின் ஆய்வு முடிவு. திண்டிவனத்துக்கே இவ்வளவு குறைந்தால், மையத்தை விழுப்புரத்துக்குத் தள்ளி வைத்தால் எவ்வளவு குறையும்? பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டிய திருவெண்ணெய்நல்லூருக்கே கொண்டுபோய்விட்டால் உலகத்திலேயே சோர்வற்ற முதல் விமான நிறுவனம் என்ற பெயர் கிடைக்காதா? முதற்கட்டமாக விழுப்புரம் முடிவாயிற்று. விருத்தாசலத்துக்கு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அலுவலகம், 'மண்டலத் தலைவர்' பதவி. அதற்கு முன் டெல்லியில் 'சோர்வில்லா நிறுவனம்' விருது. அவரே வந்து வாங்க வேண்டும், மனைவியையும் அழைத்து வரலாம். நிபந்தனை ஒன்றுதான்: அதுவரை ஒரு பைலட்கூடச் சோர்ந்துவிடக் கூடாது.

டெல்லிக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலையில், கேப்டன் சகாயராஜ் மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார்.

மேல்சித்தாமூர்ப் பக்கத்துப் பையன். அப்பா அம்மா இன்னும் ஊரில் அறுவடைக்குப் போகிறவர்கள். நம்ம ஊர்ப் பிள்ளை என்பதில் விருத்தாசலத்துக்கு ஏகப்பட்ட பெருமை. "வா தம்பி, உக்காரு. நின்னுக்கினா வந்த?"

"மேல்மருவத்தூர் வரைக்கும் நின்னுக்கினுதான் சார் வந்தேன். கம்பியைப் பிடிச்சிக்கினே தூங்கிட்டேன்."

இது ஆய்வு தொடங்குமுன் நடந்த சம்பவமாதலால் விருத்தாசலம் கணக்கில் கொள்ளவில்லை. "ராத்திரி சாப்டியா?"

"சாப்டேன் சார். கொல்கத்தாவுக்கு மேல."

"தண்ணி கிண்ணி?"

"டெய்லி ஊதிக் காட்டிட்டுத்தான் சார் ஏறணும்."

"வீட்டுல சண்டையா?"

"வீட்டுக்கே போவல சார்."

"ஆக பசி, தண்ணி, சண்டை மூணும் இல்ல." விருத்தாசலம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பின்ன அசதி எங்கேர்ந்துப்பா வருது?"

"தூங்கலையே சார்! தொடர்ந்து ராத்திரி டியூட்டி. நேத்து எறக்கறப்ப ரன்வே ரெண்டாத் தெரிஞ்சிது."

"ரெண்டுல எதுல எறக்குன?"

"சார்!"

"இல்ல, கேக்குறேன். சரியானதுலதான எறக்குன? அப்ப கண்ணு நல்லாத்தான வேலை செய்யுது?"

சகாயராஜ் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். விருத்தாசலம் குரலைத் தணித்து, வாஞ்சையாகவே பேசினார். "தம்பி, எங்க டிரைவருங்க பட்ட பாட்டை நீ பாத்ததில்ல. எதிர்ல லாரி வரும், குறுக்க மாடு வரும், மொபட்காரன் வருவான். உனக்கு மேல யாரு வரப்போறா? பாதி தூரம் மிஷினே ஓட்டிக்குமாமே?"

"எறக்கறது நான்தான் சார். பின்னாடி நூத்தியெண்பது பேரு உக்காந்துக்கினு இருப்பாங்க. பயமா இருக்குது. நீங்க தகுதின்னு போட்டுட்டீங்கன்னா நான் மாட்டேன்னு சொல்ல முடியாது. சொன்னா வேலை போயிடும்."

"எந்த ரூட்டு இன்னைக்கு?"

"டெல்லி. சாயங்காலம்."

தானும் சாயங்காலம் டெல்லிக்குப் போவது விருத்தாசலத்துக்கு நினைவு வராமல் இல்லை. ஆனால் திண்டிவனத்திலிருந்து பாண்டிக்குப் போகிற பஸ்ஸைப் போல, ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விமானம் டெல்லிக்குப் போகும் என்பது அவருடைய அனுமானம். "ரெண்டு மல்லாட்டை போட்டுக்க" என்று பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். வாங்க ஆளில்லை. கேப்டன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்.

இப்படியொரு நிலைமை இதற்குமுன் வந்ததில்லை. விருத்தாசலம் வீடியோவில் பானுப்ரியாவை அழைத்து, குறட்டையைக் காட்டினார்.

"எவ்வளவு நேரமா தூங்கறார்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும்மா."

"சூப்பர். அப்போ ரெஸ்ட் எடுத்தாச்சு. முழிச்சிருந்தா அவர் டயர்டு இல்ல. தூங்கிட்டா டயர்டு போயிடுச்சு. எப்படிப் பார்த்தாலும் ஃபிட். பட்டனை அழுத்துங்க சார்."

விருத்தாசலம் அழுத்தினார். வேறு பொத்தானும் இல்லை. எழுப்பிவிட்டதும் சகாயராஜ் திரையைப் பார்த்தார். மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். அவர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டபோது, விழுப்புரத்திலிருந்து வந்திறங்கிய மனைவி செண்பகத்தையும் விருத்தாசலத்தையும் ஏற்றிக்கொண்டு கம்பெனி கார் புறப்பட்டது. அதில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. ஆனால் ஆய்வு செய்தவரும் ஆய்வுக்குள்ளானவரும் சேர்ந்து பயணம் செய்தால் நடுநிலைக்குக் குந்தகம்.

விருத்தாசலம் வாழ்நாளில் முதல் தடவையாக விமானத்துக்குள் போனார். ஜன்னல் சீட்டை மனைவிக்கு விட்டுக்கொடுத்தார். பெல்ட் மாட்டுகிற வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி இனிமையாக அறிவித்தது: "இன்று உங்கள் விமானத்தைச் செலுத்துபவர் கேப்டன் சகாயராஜ்."

விருத்தாசலத்தின் கை பெல்ட்டிலேயே நின்றுவிட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மேலே லாரி இல்லை, மாடு இல்லை, மொபட்காரன் இல்லை என்பதெல்லாம் உண்மைதான். ஓரமாக நிறுத்துவதற்கு இடமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எழுந்துவிட்டார். "எறங்கணும்மா."

பணிப்பெண் பதறி ஓடி வந்தார். "உடம்பு சரியில்லையா சார்?"

"எனக்கில்லம்மா. ஓட்டறவருக்கு."

பேச்சுச் சத்தம் கேட்டு சகாயராஜே வெளியே வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். விருத்தாசலத்தைக் கண்டதும் அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. "அதிகாரியே வந்திருக்கீங்களா? நல்லதாப் போச்சு. இவங்க எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நான் அசதியா இருக்கேனா, இல்லையா?"

விழுப்புரம் அலுவலகம், மண்டலத் தலைவர் பதவி, டெல்லி மேடை எல்லாம் விருத்தாசலத்தின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் இரண்டாகத் தெரிந்த ரன்வேயும் வந்து நின்றது.

"இருக்கறாரு," என்றார். "நல்லாவே அசதியா இருக்கறாரு."

பயணிகள் கொதித்து எழுந்தார்கள். கோபம் நிர்வாகத்தின் மேலும் இல்லை, பைலட் மேலும் இல்லை.

"யோவ், யாருய்யா நீ? கிளம்பற நேரத்துல பேஜாரு பண்ணிக்கினு!"

"நான் ரெண்டு நாளா தூங்கல, ஆபீஸ் போய்க்கினு வரலையா?" என்றார் ஒரு கம்ப்யூட்டர் இளைஞர்.

"எனக்கு டெல்லியில கனெக்டிங் ஃப்ளைட் இருக்கு. அவரு அசதியை அங்க போய்ப் பாத்துக்கலாம்."

ஜனநாயக முறைப்படி கை தூக்கிப் பார்த்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். இவரே ஓட்டட்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். கூரை தெரியவில்லை. பக்கத்தில் செண்பகத்தின் கையும் உயர்ந்திருந்தது.

"நீ ஏன்டி தூக்குற?"

"எல்லாரும் தூக்கினாங்க. பட்டுப்புடவையெல்லாம் எடுத்து வெச்சிக்கினு வந்திருக்கேன்ல?"

சகாயராஜ் தன் பையை எடுத்துக்கொண்டார். விருத்தாசலத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். உடனே பானுப்ரியாவின் போன் வந்தது. மையத்துக்கு வெளியே சோர்வைக் கண்டறிய விருத்தாசலத்துக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே சகாயராஜ் சோர்ந்தவர் அல்ல, சொல்லாமல் வேலையை விட்டு ஓடியவர். விருதுக்கும் பாதகமில்லை, விருத்தாசலம் நிம்மதியாக வரலாம் என்றார்.

வெகுநேரம் கழித்து மாற்று பைலட் வந்து சேர்ந்தார். கேப்டன் வேங்கடேசன் என்று பெயர். அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு விமானத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர். சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார். உள்ளே வந்ததும் கழிவறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அது இல்லை என்று தெரிந்து, அடுத்த கதவுக்குப் போனார்.

"என்னாங்க, இவரும் தூங்காத மாதிரியே இருக்காரே?" என்று செண்பகம் கிசுகிசுத்தாள்.

நூற்று எண்பது தலைகளும் ஒன்றாகத் திரும்பி விருத்தாசலத்தைப் பார்த்தன. அந்தப் பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை. வெறும் எதிர்பார்ப்புதான் இருந்தது.

விருத்தாசலம் கேப்டனின் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். பயணிகளைப் பார்த்தார்.

"சார் ஃப்ரெஷ்ஷா இருக்கறாரு," என்றார். "நல்லாப் பழம் மாதிரி இருக்கறாரு."

விமானமே அதிரும்படி எல்லோரும் கை தட்டினார்கள். விருத்தாசலமும் தட்டினார். எல்லோரையும்விட ஓங்கித் தட்டியவர் கேப்டன் வேங்கடேசன்தான். அப்படித் தட்டினால் கொஞ்ச நேரத்துக்காவது கண் சொருகாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.