குலுக்கல் நைனாவின் இடது பக்கம்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை உட்கார்ந்தபடியே கூத்தாடிக்கொண்டு போகிற ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் குலுக்கல் நைனாதான். உண்மையில் ஆடுவது அவருடைய பழைய மீன் வண்டி. கேபினுக்கும் அடிச்சட்டமான சேஸுக்கும் நடுவில், குலுக்கலைத் தாங்க, பக்கத்துக்கு மூன்றாக ரப்பர் புஷ் இருக்கும். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீரைக் குடித்துக் குடித்து அவை அப்பளமாகிவிட்டன. திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் நைனாவின் மூக்குக்கண்ணாடி மடிக்கு வந்துவிடும்.

பாலத்தோரம் பஞ்சர் கடை வைத்திருக்கும் நான் சும்மா இருப்பேனா?

"இன்னா நைனா, உன் வண்டில தயிர ஏத்தினா பொன்னேரில வெண்ணெயா எறக்கலாம் போல."

"போடா பொறம்போக்கு. ஒடம்புல தெம்பு இருக்கிறவன் ஏறட்டும்."

ஒரு நாள் பக்கத்து சீட் காலி. இருபது வருஷமாக இறால் கூடையோடு அதில் உட்கார்ந்து சந்தைக்குப் போன அவர் மனைவி, எங்கள் பெரியம்மா, பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"இடுப்பு உட்டுப்போச்சு. உன் வண்டிய நீயே கட்டிக்கினு அழு."

நான்கு நாள் நைனா காலி சீட்டோடு சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினார். ஐந்தாம் நாள் ஆறு புது ரப்பரோடு என் கடைக்கு வந்தார்.

"ஜாக்கி குடு. வாய மூடிக்கினு நில்லு."

முதலாவதை மட்டும் செய்தேன். கேபின் சாய்ந்து கொடுக்க வலது பக்க போல்ட்டுகளை நான் தளர்த்திவிட, அவர் இடது பக்கத்தைத் தூக்கி மூன்று ரப்பரை மாற்றினார். அவ்வளவுதான், மிச்சத்துக்குப் பொறுமை இல்லை. எல்லா போல்ட்டையும் இறுக்க வைத்து, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, நேராக பஸ் ஸ்டாப்பில் போய் நிறுத்தினார்.

"ஏறு."

"மாட்டேன் போ."

"ஏறித்தான் பாரேன். ஆடுச்சுன்னா எறங்கிக்கோ."

பெரியம்மா ஏறினார். புது ரப்பர் இரண்டு விரல் உயரம். இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம். வழவழ சீட்டில் முதல் குழிக்கே பெரியம்மா சறுக்கிக்கொண்டு நைனாவின் தோளில் போய் நின்றார்.

"இன்னாய்யா இது, உன் மேலயே வந்து வுழறேன்."

"இடுப்பு வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப கம்னு வா."

பொன்னேரி வரை பெரியம்மா நகர்ந்து உட்காரவில்லை.

மறுநாள் கேட்டேன்: "நைனா, அந்தப் பக்கமும் மாத்திரலாமா?"

"போல்ட்டு துரு புடிச்சிகீதுடா. அசைய மாட்டேங்குது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முந்தின நாள் ஸ்பானர் பட்டதுமே சுற்றிய போல்ட்டுகள் அவை. கையிலிருந்த ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டேன்.

"ஆமா நைனா, செம துரு" என்றேன்.