அச்சு அசல் சான்றிதழ்

சிதம்பரம் கீழவீதியில் முகம் வரைந்து பிழைக்கும் காத்தவராயனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது என்றால், திங்கட்கிழமைக்குள் கலைஞர் அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கும். முப்பது வருசமாக ஊரார் மூஞ்சியை வரைந்தவர் கலைஞர்தானா என்ற சந்தேகம், மஞ்சக்குப்பத்தில் அந்த அட்டையைத் தரும் அலுவலகத்துக்கு மட்டும் தீராமல் இருந்தது.

"என்னையே வரைஞ்சு காட்டுங்க. அச்சு அசலா இருந்தா சான்று தர்றேன்" என்றார் அதிகாரி அருள்முருகன்.

காத்தவராயன் உள்ளது உள்ளபடி வரைந்தார். வழுக்கை, தொங்கும் கன்னம், ஒன்றையும் விடவில்லை.

"யாரு இது? எங்க மாமனாரா?"

காத்தவராயன் புதுத் தாள் எடுத்தார். மறுபடி வரைந்தார். தலை நிறைய முடி, ஒட்டிய கன்னம், மிஞ்சினால் முப்பது வயசு.

"இதான்யா நான்!"

'மேற்படி உருவம் எனது உருவத்துடன் அச்சு அசலாகப் பொருந்துகிறது எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று எழுதி முத்திரை குத்தினார். அந்தக் குஷியில், முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் புது வருகைப்பதிவு மெஷினிலும் அதே படத்தை ஏற்றச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அவருக்குக் கதவு திறக்கவில்லை.

"நான்தாம்மா ஆபீசர்!"

"படத்துக்குச் சான்று இருக்கு சார். உங்க மூஞ்சிக்கு என்ன இருக்கு?" என்றார் எழுத்தர் பிரிசில்லா.

அட்டை வாங்க வந்திருந்த காத்தவராயனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். படம் பொய் என்றால் சான்று பொய். சான்று பொய் என்றால் அட்டை இல்லை, வேலையும் இல்லை. அவர் அருள்முருகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"படத்துல இருக்கறவர்தான் மேடம் ஆபீசர். இவுரு யாருன்னே தெரியல."

வாசல் பெஞ்சில் மனுவோடு காத்திருந்த ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அருள்முருகன் அவர்களோடு உட்காரவைக்கப்பட்டார். படம் அவர் நாற்காலியில் அமர்த்தப்பட்டது. அன்று ஒரு கோப்புகூடத் திருப்பி அனுப்பப்படவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிரிசில்லா அட்டையை எடுத்தார். அதிலிருந்த படத்தைப் பார்த்தார், காத்தவராயனைப் பார்த்தார். விண்ணப்பத்துக்காக அவரே தன்னை வரைந்து ஒட்டியது. நரை இல்லை, கண்ணாடி இல்லை, பல் முழுசாக இருந்தது.

"உங்க பையனை வரச் சொல்லுங்க பெரியவரே. அட்டைய அவரு கையிலதான் குடுக்கணும்."

"எனக்குப் பையனே இல்லம்மா..."

அருள்முருகன் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

பெஞ்சில் சிரிப்பு நின்றது. ஆளாளுக்கு மனுவைப் பிரித்து, செல்போனில் வெளுப்பாக்கி ஒட்டிய தங்கள் போட்டோவைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அடுத்து யாரு?" என்றார் பிரிசில்லா.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.