ஏழு காட்சிமுனைகளும் ஒரு மாவுக்கட்டும்

இந்த விடுமுறையில் மலை ஏறுவதில்லை என்று நான் மலை போன்ற உறுதி எடுத்திருந்தேன்.

மலைக்கும் எனக்கும் பகை எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். எத்தனையோ மலைகளில் பென்சிலால் ஏறி, ரப்பரால் இறங்கியிருக்கிறேன். நிஜ உயரம்தான் ஆகாது. பரணில் இருக்கும் பெட்டியை எடுக்க முக்காலியில் ஏறினாலே எனக்கு முப்பாட்டன் வரைக்கும் எல்லாரும் ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள். இந்த விஷயம் என் மனைவிக்குத் தெரியாது. பதினாறு வருஷமாகக் கட்டிக் காத்துவருகிறேன்.

அவளோ, மலைத் தேசியப் பூங்கா விடுதியில் போய் இறங்கியதுமே, வாசலில் கொடுத்த வழிகாட்டித் தாளை விரித்துவிட்டாள்.

"மொத்தம் ஏழு காட்சிமுனைங்க! உதயமுனை, இரட்டை அருவி, கண்ணாடி ஏரி, தொங்குபாலம்..."

"எதுல தொங்குது?"

"கயித்துல."

"கயிறு எதுல தொங்குது?"

"அந்தக் கவலை பாலத்துக்கே இல்ல, உங்களுக்கென்ன? அப்புறம் கழுகுப்பாறை, மேகவாசல், கடைசியா எட்டிப்பாரு முனை."

"எட்டிப் பார்த்தா என்ன தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாதாம். அவ்வளவு ஆழம்!"

மறுநாள் காலை பல்லோடு சேர்த்துத் திட்டத்தையும் தீட்டினேன். விடுதி வாசலில் மூன்று படிகள். மூன்றாவது படியில் கால் வைத்தேன். "ஐயோ, அம்மா!" என்று அலறி உட்கார்ந்தேன்.

இதில் ஒரே ஒரு சிக்கல். என் மனைவி எலும்பு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிற நர்ஸ். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனாலும், லீவில் இருக்கிற நர்ஸ் பாதி நர்ஸ்தானே என்று துணிந்துவிட்டேன்.

"எங்க வலிக்குது?"

"இங்க."

"இங்கயா?"

"ஐயோ, ஆமா! தொடாத!"

"இது மத்த காலுங்க."

"வலி பரவுதும்மா!"

ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு "பாவம்" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பையைத் திறந்தாள். உல்லாசப் பயணத்துக்குச் சீப்பு கொண்டுபோகிறவர்கள் உண்டு, பவுடர் கொண்டுபோகிறவர்கள் உண்டு. மாவுக்கட்டுத் துணி கொண்டுவந்தவள் இவள் ஒருத்திதான். பெருவிரலிலிருந்து முழங்கால் வரை சுற்றினாள். கட்டு இறுக இறுக என் மனசு இளகியது.

"என்னைப் பத்திக் கவலைப்படாத. நீயாவது போய்ப் பார்த்துட்டு வா" என்றேன், தியாகிக் குரலில்.

"அசையாம உக்காருங்க. இதோ வந்துடறேன்."

வராந்தாவில் பிரம்பு நாற்காலி. பக்கத்தில் டீ, பிஸ்கட், பேப்பர். கால் மணி நேரம் சொர்க்கம். அப்புறம் ஒரு குரங்கு வந்தது. எழுந்து விரட்டினால் சுளுக்கு பொய்யாகிவிடும். அதனால் "சூ" என்றேன், நோயாளிக்கு உரிய அளவில். அது எதிரிலேயே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தபடி, என் பிஸ்கட்டை ஒவ்வொன்றாகத் தின்றது. போகும்போது பேப்பரையும் எடுத்துக்கொண்டது.

குரங்கு போன திசையிலிருந்து மனைவி வந்தாள். கூடவே ஒரு நெட்டை ஆள், ஒரு குட்டை ஆள். இருவர் கையிலும் நீளமான மூங்கில்கள்.

"என்னம்மா இது?"

"டோலிங்க! நடக்க முடியாதவங்கள நாற்காலியோட கட்டித் தூக்கிட்டுப் போவாங்களாம். உங்கள விட்டுட்டு நான் மட்டும் ரசிப்பேனா? ஏழு இடமும் பேசிட்டேன்."

"தொங்குபாலத்துக்குமா?"

"அதுதான் சார் விசேஷமே" என்றான் நெட்டை. "பாலம் ஆடும், நாங்க ஆடுவோம், நீங்களும் ஆடுவீங்க."

"எட்டிப்பாரு முனை?"

"நல்லாத் தெரியணும்னு நாற்காலியக் கொஞ்சம் வெளிப்பக்கமா சாய்ச்சுப் பிடிப்போம்."

"அண்ணனுக்குக் கை வேர்க்கும்" என்றான் குட்டை. "ஆனா இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான்..."

"ஒரே ஒருத்தர்தான் என்ன?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குனிந்து நாற்காலிக் காலைப் பிடித்தார்கள்.

நான் கட்டோடு எழுந்து குதித்தேன்.

"வலி போயிடுச்சு!"

"எந்தக் கால்ல?"

"ரெண்டு கால்லயும்!"

நம்பிக்கை வருவதற்காக வராந்தாவில் இரண்டு சுற்று ஆடியும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. என்னை உட்காரவைத்து, பாதி காய்ந்த கட்டைக் கத்தரியால் மெதுவாக வெட்டினாள்.

"பதினாறு வருஷமா ஊர்ல உள்ளவங்க காலையெல்லாம் நடக்க வச்சிருக்கேன். கட்டின புருஷன் கூட ஒரு தடவை சேர்ந்து நடக்கணும்னு ஆசை. வரீங்களா?"

கையை நீட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஏழு இடமும் நடந்தேன். தொங்குபாலத்தில் கண்ணை மூடி, அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். எட்டிப்பாரு முனையில் அவள் சொன்னதால் கண்ணைத் திறந்தேன். மூடுபனி விலகியது. மடிப்பு மடிப்பாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக மலைகள். இத்தனை வருஷம் நான் கோடு கோடாக வரைந்தது இதைத்தானா? கையில் ரப்பர் இருந்தாலும் ஒரு கோட்டைக்கூட அழித்திருக்க மாட்டேன்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்ல" என்றேன். புருஷன் என்றால் ஒரு கெத்து வேண்டாமா?

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பினால், சமையலறையில் அதே நெட்டை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். குட்டை ஜன்னலுக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, டோலி இல்லாத நேரத்துல இங்க வேலையா?"

"இந்தப் பூங்காவுல ஏது சார் டோலி? நான் சமையல்காரன், அவன் தோட்டக்காரன்."

"அப்ப என்னைத் தூக்க வந்தது?"

நெட்டை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நான் எங்க சார் தூக்கறது? எனக்கு இடுப்புப் பிடிப்பு. ஒரு குடம் தண்ணி கூடத் தூக்கக்கூடாதுன்னு நேத்துதான் உங்க வீட்டம்மா பார்த்துச் சொன்னாங்க!"